வெட்சூட் வாங்கும் முன்

புதுச்சேரி செரினிட்டி, கடலூர் சில்வர் பீச்சில் கடலில் இறங்கும் எல்லோருக்கும்: நம் கடல் நீர் பெரும்பாலும் 26–30 டிகிரி. ஆஃபரில் கிடைக்கிறதே என்று 4/3 மி.மீ. முழு வெட்சூட் (உடம்பில் 4, கை கால்களில் 3 மி.மீ. தடிமன் உள்ள ரப்பர் நீச்சல் உடை) வாங்காதீர்கள். நீந்த நீந்த உடம்பு சூடேறித் தலை சுற்றும். நீச்சலுக்கு முழுக்கை லைக்ரா (இழுபடும் மெல்லிய துணி) சட்டை போதும், வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் சேர்த்து. ஸ்கூபாவுக்கு (காற்று சிலிண்டரோடு மூழ்குவதற்கு) 3 மி.மீ. வெட்சூட்.

வெட்சூட்டை உலர்ந்த நிலையில் போட்டுப் பார்க்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். முதுகின் கீழ்ப்பக்கமும் அக்குளிலும் துணி விலகி நின்றால் சைஸ் பெரிது. அங்கே தண்ணீர் புகுந்து இழுக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், தோள் பிடித்தால் நீச்சலுக்கு ஆகாது. கழுத்து உரசலுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள், சூட்டின் ரப்பரான நியோப்ரீன் கெடும். காலில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். நகம் பட்டால் கிழியும். கழற்றியதும் நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம்.