துணை வகுப்பை எடுக்க விடுங்கள்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

தமிழ்ப்பள்ளி ஆண்டு முடிய இன்னும் ஐந்து சனிக்கிழமைகள் இருக்கின்றன. தேர்வு, ஆண்டு விழா பற்றியெல்லாம் வகுப்பாசிரியர்கள் தனியாக எழுதுவார்கள். நான் எழுதுவது வேறு ஒரு விஷயத்துக்காக: காலேஜில் கல்லூரிப் பாடத்தோடு கூடவே தரும் துணை வகுப்பு, அதாவது சப்போர்ட் கிளாஸ். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வரும் ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரியில்) சேரப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவர்களும் படியுங்கள். சில வருடங்களில் உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரலாம்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு, பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும் கார் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "டீச்சர், காலேஜ் கவுன்சிலர் இவனை மேத்ஸோட ஒரு சப்போர்ட் கிளாஸும் சேர்த்து எடுக்கச் சொல்றாங்க. அவங்க அப்பா வேண்டவே வேண்டாம்னுட்டார். அது மக்குப் பிள்ளைங்க போற கிளாஸாமே?" என்று கேட்டார். பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான். போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். ஆறு வயதில் எங்கள் மழலை வகுப்பில் 'அ' எழுதிப் பழகிய பிள்ளை அவன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லை நானே ஒருகாலத்தில் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

2006இல் மதுரையிலிருந்து இங்கே கலிபோர்னியாவுக்கு வந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, அப்புறம் தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்தவள். மழலையர் கல்வி படிக்கலாம் என்று ஒரு கம்யூனிட்டி காலேஜுக்குப் போனேன். கணினி முன் உட்காரவைத்து ஒரு ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் வைத்தார்கள். முடிவு அப்போதே திரையில் வந்தது: கல்லூரி ஆங்கிலத்துக்கு மூன்று படி கீழே. அதாவது மூன்று செமஸ்டர் ஆங்கிலம் படித்து முடித்த பிறகுதான் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் முதல் ஆங்கில வகுப்பில் உட்காரவே முடியும். முதல் இரண்டு வகுப்புகளில் தேறினேன். மகள் பிறந்தாள். மூன்றாவதுக்குப் போகவில்லை. எந்தப் பாடத்திலும் நான் தோற்கவில்லை. ஆனாலும் வெளியே வந்துவிட்டேன்.

நாலு வருடம் கழித்துத் திரும்பப் போனபோது என்னைக் காப்பாற்றியது அந்தக் காலேஜின் எழுத்துப் பயிற்சி மையம். அங்கே வயதான ஒரு பெண்மணி ட்யூட்டராக இருந்தார். என் கட்டுரையை என்னையே சத்தமாக வாசிக்கச் சொல்வார். மூச்சு வாங்க நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். காரணங்களையெல்லாம் முதலில் அடுக்கிவிட்டு விஷயத்தைக் கடைசியில் சொல்வது தமிழில் நமக்குப் பழக்கம் இல்லையா, அதை அவர் குறை என்று சொன்னதே இல்லை. "இந்தக் கடைசி வரியைத் தூக்கி முதலில் வைத்துப் பாருங்கள்" என்பார், அவ்வளவுதான். வாரம் ஒரு மணி நேரம், ஒரு செமஸ்டர். இன்று இந்தப் பள்ளியை நடத்தும் துணிச்சல் எனக்கு அந்த அறையிலிருந்து வந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் படித்தது போல, கல்லூரிப் பாடத்துக்கு முன்னால் படிக்கவைக்கும் அடிப்படை வகுப்புகள் பற்றி இரண்டு விதமான பேச்சு நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. கலிபோர்னியாவில் அவற்றை எடுத்துவிட்டார்கள், அதனால் பிள்ளைகள் எல்லோரும் தயாராகத்தான் இருக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறீர்கள். தயாராக இல்லாத பிள்ளை காலேஜுக்கு ஏன் போக வேண்டும் என்று வேறு சிலர் கேட்கிறீர்கள். இரண்டும் தவறு என்பது என் கருத்து.

முதலில், என்ன மாறியது என்று சொல்லிவிடுகிறேன். 1960இல் இந்த மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், யூசியில் (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில்) மேல்மட்ட எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கும், கால் ஸ்டேட்டில் (மாநிலப் பல்கலைக்கழகத்தில்) மேல்மட்ட மூன்றில் ஒரு பங்கினருக்கும் இடம் என்று வைத்தார்கள். கம்யூனிட்டி காலேஜ் கதவு, படித்துப் பயனடையக்கூடிய எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். இன்று மாநிலத்தில் அப்படி 116 காலேஜ்கள். மாநிலவாசிகளுக்குக் கட்டணம், பாடங்களை அளக்கும் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். எல்லோருக்கும் கதவைத் திறந்தால், எல்லாரும் ஒரே தயாரிப்போடு வரமாட்டார்கள் என்பது அந்தத் திட்டத்திலேயே அடங்கிய விஷயம். பள்ளியில் கணக்கு ஆசிரியர் மூன்று முறை மாறிய பிள்ளையும் வரும். பதினாறு வயதில் சேலத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து இறங்கிய பிள்ளையும் வரும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வரும் முப்பது வயது அம்மாவும் வருவார்.

அவர்களுக்காகத்தான் அடிப்படை வகுப்புகள் இருந்தன. நல்ல எண்ணத்தோடு கட்டிய ஏணிதான், ஆனால் படிகள் அதிகம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் தொடங்குகிறார்கள், ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறி அடுத்த படிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுபது என்பது நல்ல எண்தான். மூன்று படி தாண்டும்போது 34 பேர். நாலாவதான கல்லூரிக் கணக்கை முடிப்பவர்கள் 24 பேர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2010இல் பல மாநில மாணவர்களின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோதும் நிலைமை இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. கணக்கில் அடிப்படை வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர்தான் எல்லாப் படியையும் முடித்தார். அனுப்பப்பட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் முதல் வகுப்பிலேயே சேரவில்லை. பாடத்தில் தோற்றவர்களைவிட, அடுத்த செமஸ்டருக்குப் பெயர் கொடுக்காமலே நின்றுபோனவர்கள் அதிகம். அதைப் படித்தபோது என் கதையை யாரோ எழுதிவைத்தது போலிருந்தது.

அதனால் 2017 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏபி 705 சட்டத்தை நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் போய், உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையும் ஜிபிஏவையும் (மதிப்பெண் சராசரியையும்) பார்த்து இடம் கொடுக்கும் முறை வந்தது. ஒரு வருடத்துக்குள் ட்ரான்ஸ்ஃபர் ஆகக்கூடிய, அதாவது நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கணக்கில் சேரும் ஆங்கிலத்தையும் கணக்கையும் முடிக்க ஒரு பிள்ளைக்கு எந்த இடத்தில் அதிக வாய்ப்போ அங்கேதான் சேர்க்க வேண்டும். 2019 ஃபாலில் (இலையுதிர் பருவத்தில்) இது எல்லாக் காலேஜிலும் நடப்புக்கு வந்தது. 2022இல் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. அறிவியலும் பொறியியலும் படிக்க நினைக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நேராகக் கால்குலஸில் தொடங்கும் ஏற்பாடு 2025 ஃபாலிலிருந்து வந்திருக்கிறது. நம் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பிரிவுதானே!

ஏணியை எடுத்துவிட்டார்கள். சரி. ஆனால் கை கொடுத்துத் தூக்கிவிடும் ஆளையும் சேர்த்து அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? முதல் நாளே கல்லூரி வகுப்பில் பிள்ளை உட்கார்ந்துவிடுவதால், பின்னத்தில் தடுமாறியது மறைந்துவிடாது. இதற்குத்தான் துணை வகுப்பு. பிள்ளைகள் சப்போர்ட் கிளாஸ் என்று சொல்வது இதைத்தான். கல்லூரி வகுப்பை எடுக்கும் அதே செமஸ்டரில் கூடவே சில மணி நேரம். பல இடங்களில் அதே ஆசிரியர். செவ்வாய்க்கிழமை வகுப்பில் புரியாமல் போனது வியாழனுக்குள் சரியாகிவிடும். பால்டிமோர் கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் 2007இல் ஆங்கிலத்துக்கு இப்படித் தொடங்கினார்கள். அடிப்படை வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்துக் கல்லூரி ஆங்கிலத்தில் உட்காரவைத்து, வகுப்பு முடிந்ததும் அவர்களுக்கு மட்டும் அதே ஆசிரியர் இன்னொரு வகுப்பு எடுத்தார். பிறகு நாடு முழுக்கப் பல காலேஜ்கள் அதைப் பார்த்துச் செய்தன.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். அதன் மூன்று கம்யூனிட்டி காலேஜ்களில் 2013 ஃபாலில், அடிப்படை இயற்கணிதத்துக்கு அனுப்பப்பட வேண்டிய சுமார் 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு அடிப்படை இயற்கணிதம் மட்டும் படித்தது. இன்னொரு குழு அதோடு வாரந்தோறும் ஒரு பயிற்சி வகுப்புக்கும் போனது. மூன்றாவது குழுவை நேராகக் கல்லூரிப் புள்ளியியலில் போட்டு, கூடவே பயிற்சி வகுப்பும் கொடுத்தார்கள். முதல் குழுவில் தேறியவர்கள் 39 சதவீதம், இரண்டாவதில் 45, மூன்றாவதில் 56. கடினமான பாடம் எடுத்தவர்கள்தான் அதிகம் தேறினார்கள் என்பதை எல்லோரும் பேசுகிறார்கள். அவர்களைப் பயிற்சி வகுப்போடு அனுப்பினார்கள் என்பதைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

துணை என்றால் பாடம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அதே நியூயார்க்கில் 2007இல் தொடங்கிய அசாப் என்ற திட்டத்தில், முழுநேரம் படிக்க ஒப்புக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அடிக்கடி சந்தித்துப் பேசும் ஆலோசகர், ட்யூட்டர், பாடப்புத்தக உதவி, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மெட்ரோகார்டு எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். அடிப்படைப் பாடம் தேவைப்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், மூன்று வருடத்தில் பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே ஹேவர்டில் உள்ள சாபோ காலேஜில்தான் 1981இல் புவெந்தே திட்டம் பிறந்தது. மெக்சிகோ வழி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பாதியில் நிற்பதைப் பார்த்து, ஓர் ஆங்கில ஆசிரியையும் ஒரு கவுன்சிலரும் சேர்ந்து தொடங்கியது. எழுத்து வகுப்பு, கவுன்சிலர், அந்தச் சமூகத்திலிருந்தே ஒரு வழிகாட்டி என்று மூன்றையும் ஒன்றாக வைத்தார்கள். பிற்பாடு மாநிலம் முழுக்கப் பரவியது. நம் தமிழ்ப்பள்ளியும் ஏறக்குறைய இதே நினைப்பில் தொடங்கியதுதான்.

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மறுநாளே அவரிடம் போனில் பேசினேன். அவருக்கு மூன்று கவலைகள். யூனிட் வீணாகும், ட்ரான்ஸ்கிரிப்ட்டில் தெரியும், ஊரில் கேட்டால் என்ன சொல்வது.

யூனிட் விஷயத்தில் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பல துணை வகுப்புகளின் யூனிட் யூசிக்குப் போகாது. ஆனால் கால்குலஸில் ஒருமுறை தேறாமல் போனால் நாலைந்து யூனிட்டும் ஒரு செமஸ்டரும் சேர்ந்தே போய்விடும், அதற்காகக் காத்திருக்கும் இயற்பியலும் தள்ளிப்போகும். ட்ரான்ஸ்கிரிப்ட்டைப் பொறுத்தவரை, யூசி கணக்கிடும் ஜிபிஏவில் ட்ரான்ஸ்ஃபர் ஆகும் பாடங்களின் மதிப்பெண்தான் சேரும். அங்கே துணை வகுப்பு அல்ல, கணக்கில் வாங்கும் 'டி' கிரேடுதான் உறுத்தும். மூன்றாவது கவலைக்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான். ஊரில் பத்தாம் வகுப்பில் நாம் ட்யூஷன் போகாத பாடம் எது? வீட்டுக்கு வீடு போனோம், காலை ஐந்து மணிக்குப் போனோம். காசு கொடுத்துப் போனால் கௌரவம், காலேஜே தரும்போது மட்டும் அவமானமா?

அவர் சிரித்தார். யோசிக்கிறேன் என்றார்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. துணை வகுப்பு பல நேரங்களில் கட்டாயம் இல்லை. கவுன்சிலர் பரிந்துரைப்பார், முடிவை மாணவர் எடுக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை வீட்டில் வந்து கேட்கும். வீட்டில் வேண்டாம் என்றால் விஷயம் முடிந்தது. போதுமான பேர் சேராத வகுப்பைக் காலேஜ்கள் செமஸ்டர் தொடங்கும் முன்பே ரத்து செய்துவிடுகின்றன. வரவு செலவு இறுக்கமான வருடத்தில் முதலில் கண்ணில் படுவது இப்படி ஆள் குறைந்த வகுப்புகளும் காலியாகக் கிடக்கும் ட்யூட்டர் மேசைகளும்தான். நாம் வெட்கப்பட்டு விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு இடமும், வேறு வழியே இல்லாத இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கான வகுப்பையும் சேர்த்து மூடுகிறது. உங்களுக்கு வசதி இருக்கிறது, தனியாக ஆள் வைத்துச் சொல்லிக்கொடுப்பீர்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வரும் அந்த அம்மா யாரை வைப்பார்?

காலேஜ் அறங்காவலர் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். போன இலையுதிர் காலத்தில் நான் ஒரு கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசினேன். ட்யூட்டர் மையத்தின் மாலை நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். நம் பெற்றோரில் யாராவது அடுத்த கூட்டத்துக்கு என்னோடு வர முடிந்தால் சந்தோஷப்படுவேன். பழைய மாணவர்கள் வந்தால் இன்னும் நல்லது, அவர்கள் பேசினால் குழு கூர்ந்து கேட்கும்.

நம் பள்ளியின் சனிக்கிழமை துணை நேரம் பற்றி: வாடகை கூடியதால் அதை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் வந்தது உண்மை. நிறுத்தவில்லை. ஓய்வுபெற்ற நம் இரண்டு தாத்தாக்களும், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஒரு அம்மாவும் தொடர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் பள்ளியில் படித்த பிள்ளைகள் மட்டும் என்றில்லை, அவர்களின் நண்பர்களும் வரலாம். தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. போன மாதம் ஒரு வியட்நாமியப் பையன் மூன்று வாரம் வந்தான். இப்போது தன் தங்கையையும் அழைத்து வருகிறான்.

ஆகஸ்டில் காலேஜ் திறக்கும் வாரத்திலிருந்து, சனிக்கிழமை பகல் 12:30 முதல் 2 மணி வரை, நூலக அறையில். பாடத்திட்டத் தாளும், முதல் வீட்டுப்பாடமும், எங்கே புரியவில்லை என்று பிள்ளையே எழுதிய ஒரு துண்டுத்தாளும் கொண்டுவந்தால் போதும். சாப்பாடு கட்டிவிட வேண்டாம். இட்லி நாங்கள் வைத்திருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்