மருந்து அடிக்கலன்னா மட்டும் விதை சுத்தமாயிடுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பாரம்பரிய நெல் பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி போடுறீங்க, சந்தோஷம். ஆனா அந்த விதையில வேற ரகம் கலந்திருக்கா இல்லையான்னு யாருமே கேக்க மாட்டேங்குறாங்க, அதான் எழுதுறேன். நான் திருத்துறைப்பூண்டி பக்கம் மூணு ஏக்கர் வச்சிருக்கேன், எட்டு வருஷமா உரம் மருந்து எதுவும் கிடையாது.

மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு விதைக் கண்காட்சி ஸ்டால்ல தூயமல்லிங்கிற பாரம்பரிய நெல் விதை 10 கிலோ வாங்கிட்டு வந்து ஆவணியில நாத்து விட்டேன். நாத்துல ஒண்ணும் தெரியல, நட்டப்புறமும் தெரியல. கார்த்திகையில கதிர் வெளிய வந்தப்பதான் வயிறு எரிஞ்சுது, நெஞ்சளவுக்கு நிக்கிற பயிருக்கு நடுவுல அங்கங்க இடுப்புக்குக் கீழ குட்டையா, கதிரே வராம பச்சையா நிக்குது. பாத்தா சி.ஆர். 1009ங்கிற குட்டை ரக மோட்டா நெல்லு மாதிரி இருந்துச்சு. வித்தவருக்கு போன் போட்டு சத்தம் போட்டேன், அவரு "அண்ணே, நானும் ஒருத்தர்கிட்ட வாங்கி நட்டதுதான், சத்தியமா எனக்கே தெரியாது"ன்னாரு. அப்ப நம்பல. அடுத்த தையில என் வயல்லயே அறுவடை மெஷின் வந்தப்ப நம்பினேன். பெல்ட் வண்டி, பக்கத்து வயல்ல 1009 அறுத்துட்டு நேரா என் வரப்புல ஏறுது. ஒரு நிமிஷம் நிறுத்துங்க தம்பின்னு சொல்லி அடிமூடியைத் திறக்கச் சொன்னேன், பொலபொலன்னு ஒரு படிக்கு மேல நெல்லு கொட்டுச்சு, எல்லாம் மோட்டா நெல்லு. இதுல ஒரு மணி முளைச்சு 10 கதிர் விட்டு, கதிருக்கு 100 மணின்னு வச்சாலே அடுத்த போகத்துல 1,000 மணி ஆயிடுது, அதை நான் நாலு பேருக்குக் குடுத்தா என்னாகும்?

பாரம்பரிய நெல்லை மீட்ட நெல் ஜெயராமன் அண்ணன் எங்க பக்கத்து ஆதிரெங்கத்துல 2006ல நெல் திருவிழா ஆரம்பிச்சு, 2 கிலோ வாங்கிட்டுப் போனா அடுத்த வருஷம் 4 கிலோ திருப்பிக் குடுக்கணும்னு வச்சாரு. 174 ரகத்தைத் தேடித் தேடி மீட்டுட்டு 2018ல போய்ச் சேர்ந்துட்டாரு. அந்த முறையாலதான் எங்க கையில இன்னைக்கு விதையே இருக்கு. ஆனா திரும்பி வர்ற 4 கிலோ எந்த வயல்ல வெளஞ்சது, எந்த மெஷின் அறுத்துச்சு, எந்தச் சாக்குல வந்துச்சுன்னு பாக்கலன்னா விதை பெருகுற வேகத்துலயே கலப்பும் பெருகும், பேரு மட்டும்தான் தூயமல்லியா இருக்கும்.

நெல்லு தன் மகரந்தத்துலயே கரு கட்டிக்கும், அதனாலதான் அரசு சான்று விதைக்கு பயிர் விலகு தூரம், அதாவது பக்கத்து ரகத்துக்கும் நமக்கும் விட வேண்டிய இடைவெளி, வெறும் 3 மீட்டர்னு வச்சிருக்காங்க. காத்துல கலக்குறது ரொம்பக் கம்மி, மெஷின்லயும் களத்துலயும் போன போகம் கொட்டுனது தானா முளைக்கிறதுலயும்தான் கலக்குது. வெண்டைக்கு இந்தக் கதை கிடையாது. தேனீ வரும், 200 மீட்டராவது தள்ளி இருக்கணும்கிறாங்க, எனக்கு 40 மீட்டர்லயே பக்கத்து வீட்டுக்காரர் கம்பெனி ஹைப்ரிட் போட்டிருக்காரு, அவரைப் போடாதீங்கன்னு சொல்ல நான் யாரு? அதனால வீட்டுல அவங்க சாயங்காலமா போயி, மறுநாள் காலையில விரியப்போற மொட்டா பாத்து நுனியில நூலைக் கட்டிட்டு வருவாங்க, எந்தப் பூன்னு தெரியணும்ல, காம்புல ஒரு சிவப்புத் துணியும் கட்டிடுவாங்க. அந்தக் காயை மட்டும்தான் முத்த விட்டு விதைக்கு எடுக்குறோம். ஒரு பாத்தி வெண்டைக்கு இவ்வளவு வேலை, பாக்கெட்டுல வாங்குறவங்களுக்கு 20 ரூபாய் ஜாஸ்தின்னா கோவம் வருது. (கருங்கண்ணிங்கிற நாட்டுப் பருத்தி போடுற சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னாரு, அதோட குரோமோசோம் 26, பிடி பருத்தியோடது 52, வயல்ல லேசுல சேராது, ஆனா ஜின்னிங் மில்லுல கொட்டையெல்லாம் ஒண்ணாக் கலந்துடுதாம். அங்கயும் மெஷின்தான் பாருங்க.)

இதை யாரு பாக்கணும்? அங்ககச் சான்றுக்கு (ரசாயன உரம் மருந்து போடலன்னு குடுக்குற ஆர்கானிக் சான்று) வர்றவங்க டைரி பாக்குறாங்க, ஸ்ப்ரேயர் பாக்குறாங்க, பக்கத்து வயல் மருந்து தெறிக்காம இடைவெளி விட்டிருக்கோமான்னு பாக்குறாங்க, கதிரு ஒரே மாதிரி இருக்கான்னு பாக்கறது அவங்க வேலை இல்ல. விதைச் சான்றோ, 1966 விதைச் சட்டப்படி அறிவிக்கை பண்ண ரகத்துக்குத்தான். அங்க நெல்லு சான்று விதை வயல்ல கலவன், அதாவது வேற ரகச் செடி, 0.20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, அதாவது 1,000 செடிக்கு ரெண்டு. எங்க நாட்டு ரகத்துல பாதிக்கு மேல கணக்கெடுக்கவே ஆள் கிடையாது.

அதுக்காக லைசென்ஸ் கொண்டு வாங்கன்னு நான் சொல்லல, அதை யாரும் என் பேரைச் சொல்லி ஆரம்பிச்சுடாதீங்க! 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்துல 39வது பிரிவுல விவசாயி தன் விதையை வச்சுக்கலாம், மாத்திக்கலாம், பிராண்ட் பேர் போடாம விக்கலாம்னு தெளிவா இருக்கு, அதுல கை வைக்கக் கூடாது. நான் கேக்குறது சின்ன விஷயம். வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடுற அறுவடை மெஷினாவது, விதை வயல்னு சொன்னா உள்ள போறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணணும், அந்த அரை மணி நேரத்துக்கு விவசாயிகிட்ட வாடகை வாங்கக் கூடாது. விதைத் திருவிழா நடத்துறவங்க பூக்கிற நேரத்துல ஒருக்கா, அறுப்புக்கு முன்னாடி ஒருக்கா வயலுக்கு வந்து பாத்துட்டு வாங்கட்டும், பையில ரகத்துப் பேரோட ஊரு, அறுத்த மாசம், கையறுப்பா மெஷினான்னு எழுதட்டும். காசு செலவில்லாத வேலைதான். பழைய ஆளுங்க யாராவது ஒருத்தர் வரப்புல நின்னாலே போதும், கலவனை எட்டத்துலயே கண்டுபிடிச்சுடுவாங்க.

நான் இந்தத் தையில நடு வயல்ல 10 சென்ட் மட்டும் ஒதுக்கி, ரெண்டு ஆள் வச்சு கருக்கருவாளால அறுத்து, தார்ப்பாய்ல கையாலயே அடிச்சு எடுக்கப் போறேன். மெஷின்காரரு இப்பவே மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காரு, மிச்ச நெல்லை அறுக்க வருவாரான்னு தெரியல.

இப்படிக்கு,
விதை நெல் விவசாயி ஒருத்தன்,
திருவாரூர் மாவட்டம்