கண்ணுக்குத் தெரியாத கிஸ்மிஸ்

மாஸ்கோ, ஜனவரி

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரும் என்றால் என் மனைவியும் பூனையும்தான். மகள் வேலை கிடைத்துப் பீட்டர்ஸ்பர்க் போய் நாலு மாதம் ஆகிறது. வெளியே மைனஸ் 18. முழங்காலுக்கு இந்தக் குளிர் ஆகவில்லை, வீட்டோடு கிடக்கிறேன். சும்மா கிடக்காமல் பிஸ்கட் சுடக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே, உனக்கும் இதில் பங்கு இருக்கிறது.

1984 குளிர்காலம். மிக்லூஹோ-மக்லாயா தெருவில் நம் விடுதி. முதல் வருஷம் முழுக்க ரஷ்ய மொழி வகுப்புதான், பாடம் எதுவும் இல்லை. கடையில் ஓட்ஸ் பிஸ்கட்டை எடை போட்டுக் காகிதத்தில் கொட்டித் தருவார்களே, 'அவ்ஸ்யானயே பெச்சேன்யே', ஞாபகம் வருகிறதா? மேலே சித்திரை மாசத்துக் கண்மாய் மாதிரி வெடித்திருக்கும். உள்ளே கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அதில் ஏதோ ஒரு இனிப்பு, சர்க்கரையும் இல்லாமல் பட்டையும் இல்லாமல். நீ கருப்பட்டி என்று சாதித்தாய். நான் பேரீச்சம்பழம் என்றேன். கடைக்கார அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அப்போது நமக்கு ரொட்டி கேட்கவே மொழி போதாது. மொழி வந்தபின் கேட்க மறந்துவிட்டோம்.

முத்து, அது உலர்ந்த திராட்சையடா! நம் வீட்டுக் கிஸ்மிஸ். அரைத்துச் சேர்க்கிறார்கள். அதனால்தான் நாம் பிட்டுப் பிட்டுப் பார்த்தும் கண்ணில் படவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டுப் பாட்டி. 80 தாண்டியவர், முன்பு பிஸ்கட் ஆலையில் வேலை பார்த்தவர். நான் முதல் தடவை முழுத் திராட்சையைப் போட்டுச் சுட்டேன். மேலே துருத்திக்கொண்டு நின்றதெல்லாம் கருகிக் கசந்தது. வெண்ணெயை வேறு உருக்கி ஊற்றியிருந்தேன். தட்டு முழுக்க வழிந்து ஒரே தோசையாகிவிட்டது. புகை வாசனைக்குக் கதவைத் தட்டிய பாட்டி, ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன ஒரு ராத்தல் திராட்சையா?" என்றார். விளையாட்டுக் காரியம் இல்லை என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். திராட்சையை வைத்துச் சொதப்பியவனிடம் அதையே சொன்னதில் அவருக்கு ஏகச் சிரிப்பு.

அப்புறம் அவரே கூட நின்று செய்ய வைத்தார். 50 கிராம் திராட்சையை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, விழுதாக அரைக்க வேண்டும். 100 கிராம் வெண்ணெய் இளகியிருந்தால் போதும், உருகக் கூடாது. அதில் 150 கிராம் சர்க்கரை, விழுது, பட்டைத்தூள் சேர்த்து வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். பிறகு மூன்று மேசைக்கரண்டி சுடுநீரில் உப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஓட்ஸ் மாவு 100 கிராம், கோதுமை மைதா 150. ஓட்ஸ் மட்டும் போட்டால் பிடிப்பு இருக்காது, உதிர்ந்துவிடும். கடைசியில் அரை டீஸ்பூன் சமையல் சோடா. திராட்சையின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது, அதன் இனிப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே மெத்தென்று இருந்த காரணம் அதுதான். உருட்டி, லேசாகத் தட்டி, 180 டிகிரியில் 15 நிமிஷம். அடுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தாவது நிமிஷம் முதல் வெடிப்பு விட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, டீக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

திராட்சை வாங்கச் சந்தைக்குப் போனேன். இங்கே உலர்பழம் விற்பவர்களில் பலர் உஸ்பெக், தாஜிக் ஆட்கள். குட்டி குட்டியாக விதையில்லாத ரகத்தைக் காட்டி, "கிஷ்மிஷ், சமர்கண்ட்" என்றார் கடைக்காரர். பாரசீகச் சொல் என்று அகராதியில் அப்புறம்தான் பார்த்தேன். என் காதில் விழுந்தது எங்கள் அம்மா பாயசத்துக்கு வறுக்கும்போது சொல்லும் வார்த்தை. அரைக் கிலோ கேட்டிருந்தவன் ஒரு கிலோ வாங்கி வந்தேன்.

திராட்சையைப் பற்றி மாஸ்கோவில் ஒரு பழங்கதை உண்டு, உனக்குச் சொல்லியிருக்கிறேனா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் த்வெர்ஸ்காயா தெருவில் ஃபிலிப்போவ் என்ற ரொட்டிக் கடைக்காரர். கவர்னர் ஜக்ரேவ்ஸ்கிக்குப் போன பன்னில் கரப்பான் பூச்சி. கூப்பிட்டு அதட்டியிருக்கிறார். மனிதர் அசரவில்லை, "இது திராட்சை ஐயா" என்று பூச்சியை வாயில் போட்டு விழுங்கிவிட்டாராம். ஓட்டமாகக் கடைக்கு வந்து, பிசைந்திருந்த மாவில் திராட்சையை அள்ளிக் கொட்டினாராம். மறுநாளிலிருந்து திராட்சை பன்னுக்குக் கூட்டம். நிஜமோ பொய்யோ, நம் விடுதி அடுக்களையில் ஓடிய கரப்பான்களைப் பார்த்தவன் நான், நம்பத்தான் தோன்றுகிறது.

உனக்குச் சர்க்கரை என்று எழுதியிருந்தாய். காலையில் டாக்டர் சொன்ன ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி இரண்டு சப்பாத்தி என்று படித்ததும் இந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்று யோசித்தேன். இதிலும் ஓட்ஸ்தான் இருக்கிறது என்று சொல்லி உன் வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கிக் கொடுக்கமாட்டேன். நீ ஒன்றே ஒன்று தின்றுவிட்டு மீதியை மருமகளுக்குக் கொடு. இங்கே ஓட்ஸ் அவலுக்கு 'கெர்குலெஸ்' என்று பெயர், அதாவது பழங்கதைப் பலசாலி ஹெர்குலிஸ். தினமும் தின்றால் அந்தப் பலம் வரும் என்று கணக்குப் போலிருக்கிறது. எனக்கு முழங்கால்வரை இன்னும் வரவில்லை.

செய்வதாக இருந்தால் ஒன்று மட்டும் கேள். கடையில் ஓட்ஸ் மாவு தேடி அலையாதே, ஓட்ஸை மிக்ஸியில் பொடித்துச் சலித்தால் போதும். ஆனால் சட்னி அரைத்த ஜாரில் திராட்சையைப் போட்டுவிடாதே. நான் போட்டேன். பாட்டி மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார்.

உன்,
சேகர்