நான்கு சகோதரிகளும் கான்யே வீடும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை என்று படித்த பிறகுதான் மற்றதையெல்லாம் நிதானமாகப் படித்தேன். இங்கே போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனேயில் வெயில் கொளுத்துகிறது, ஊரே மழைக்காகக் காத்திருக்கிறது. தேர்வுத்தாள் திருத்தும் வேலை முடிந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் வாய்த்தது.

"ஆப்பிரிக்காவில் பெண்களெல்லாம் எப்படி இருக்கிறார்கள்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். 54 நாடுகள்டி அது! காம்பியாவில் பெண் உறுப்புச் சிதைப்புக்கு இருந்த தடையை நீக்கப் பார்த்தார்கள். 2024-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. உகாண்டாவில் 2023-இல் வந்த சட்டம் தன்பாலின உறவுக்குச் சில சூழல்களில் மரண தண்டனை வரை போகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி "ஆப்பிரிக்கா இப்படித்தான்" என்று முடித்துவிட முடியுமா? நான் குடியிருக்கும் போட்ஸ்வானாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசைக்காரியிலிருந்து தொடங்கலாம். இரண்டு பிள்ளைகள், கல்யாணம் ஆகவில்லை. சொந்தமாக மனை வாங்கி, ஒவ்வொரு அறையாக வீடு கட்டி முடித்தவள். வந்த புதிதில் நான் ஊர்வழக்கப்படி "கல்யாணம் எப்போது?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. தன் அம்மா காலத்தில் கல்யாணமான பெண் வங்கிக் கடனுக்குக் கணவன் கையெழுத்தைத் தேடிப் போக வேண்டியிருந்ததைச் சொன்னாள். கணவனுக்கு மனைவிமேல் இருந்த அந்த அதிகாரத்தை ஒழிக்கும் சட்டம் 2004-இல்தான் இங்கே வந்தது. அப்போதும் மரபுமுறைத் திருமணங்களை அது தொடவில்லை. நிலத்திலும் இதே கதைதான். புருஷன் பேரில் மனை இருந்தால் மனைவி தனக்கென்று அரசு நிலம் கேட்க முடியாது என்ற விதி 2020-இல்தான் மாறியது. இந்த நாட்டில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களைப் பெண்கள்தான் தலைமையேற்று நடத்துகிறார்கள். வறுமையும், ஜீவனாம்சம் தராத ஆண்களும் அதற்குப் பெரிய காரணம். அதை மறைத்துப் பேசக்கூடாது. ஆனால் கல்யாணம் வேண்டாம் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். என் பக்கத்து மேசைக்காரி அப்படித்தான்.

இதே கணக்கு எவ்வளவு விசித்திரமாக முடியும் என்பதற்கு யூனிட்டி டவ் வழக்கைச் சொல்ல வேண்டும். மொச்சுடியில் பிறந்த வழக்கறிஞர். அமெரிக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன்பே அவருக்கு ஒரு மகள் உண்டு. கல்யாணத்துக்குப் பின் இரண்டு பிள்ளைகள். மூன்று பேரும் பிறந்தது போட்ஸ்வானாவில்தான். 1984 குடியுரிமைச் சட்டப்படி கல்யாணமாகாத தாயின் பிள்ளை தாயின் குடியுரிமையைப் பெறும், கல்யாணமானவளின் பிள்ளை தகப்பனுடையதைப் பெறும். ஆக, மூத்த மகள் இந்த நாட்டுக் குடிமகள். அதே வயிற்றில் பிறந்த அடுத்த இரண்டும் சொந்த மண்ணில் அந்நியர்கள், தங்குவதற்கே அனுமதி வேண்டும்.

அவர் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார். பாகுபாடு என்றால் என்ன என்று அரசியலமைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. இனம், குலம், பிறந்த இடம், அரசியல் கருத்து, நிறம், மதம் எல்லாம் அதில் வரும், பாலினம் மட்டும் அன்றைக்கு அதில் இல்லை. இது தந்தைவழிச் சமூகம், வேண்டுமென்றேதான் அதை விட்டோம் என்று அரசுத் தரப்பு வாதாடியது. அதே அரசியலமைப்பின் இன்னொரு பிரிவு, ஆணோ பெண்ணோ எல்லாருக்கும் அடிப்படை உரிமை உண்டு என்கிறதே என்று அவர் தரப்பு கேட்டது. 1991-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1992-இல் மேல்முறையீட்டிலும், ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அவர் பக்கம் நின்றதால் வென்றார். சட்டத்தைத் திருத்த அரசுக்கு 1995 வரை ஆனது. 1998-இல் அவரே உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். அவருக்குப் பின்னால் எமாங் பசாடி என்ற பெண்கள் அமைப்பு உறுதியாக நின்றதையும் சொல்ல வேண்டும். 1986-இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஒற்றை ஆள் போராட்டமாக இதை எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இப்போது கான்யே வீட்டுக்கு வருகிறேன். அப்பா வீட்டில் உன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாய் அல்லவா? உனக்காகவே இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கான்யே இங்கிருந்து தென்மேற்கே, மலைமேல் இருக்கும் பெரிய ஊர். ங்வாக்கெட்சே மக்களின் தலைநகரம். அவர்கள் மரபில் குடும்ப வீடு கடைசி மகனுக்குப் போகும். வயதான பெற்றோரோடு தங்கிப் பார்த்துக்கொள்வது கடைக்குட்டி என்பது அதற்குச் சொல்லும் நியாயம். எடித் ம்முசி குடும்பத்தில் நடந்தது வேறு. வீட்டைப் பராமரித்தது, காசு போட்டுச் செப்பனிட்டது எல்லாம் மகள்கள். எடித் அந்த வீட்டிலேயே இருந்தார். ஆண் வாரிசு வழியில் தனக்குத்தான் வீடு என்று அவரை வெளியேறச் சொன்னவர் ஒரு மருமகன் முறைக்காரர். மரபு நீதிமன்றங்களில் வழக்கு மேலும் கீழும் போய், கடைசியில் சகோதரிகளுக்கு எதிராக முடிந்தது. எடித்தும் அவருடைய மூன்று சகோதரிகளும் விடவில்லை, உயர் நீதிமன்றம் போனார்கள். 2012-இல் தீர்ப்பு வந்தபோது எடித்துக்கு 80 வயது. அந்த வயதில் நாமாக இருந்தால் "போகட்டும், சாகும்வரை ஒரு மூலையில் இருக்க விட்டால் போதும்" என்றுதானே சொல்லியிருப்போம்?

பெண்களுக்குச் சமமான வாரிசுரிமை தரச் சமூகம் இன்னும் தயாராகவில்லை என்பதுதான் அரசுத் தரப்பின் வாதம். நீதிபதி கீ டிங்காக்கே அதை ஏற்கவில்லை. பிறப்பதற்குப் போராடும் ஒரு புதிய உலகத்துக்கு நீதிமன்றம் மருத்துவச்சியாக நிற்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சகோதரிகள் பக்கமே நின்றது. அந்த இரண்டாவது தீர்ப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மரபை அது தூக்கி எறியவில்லை. மரபு உறைந்து கிடப்பதில்லை, காலத்தோடு மாறிக்கொண்டே வருவது. மகள்கள் வாரிசாகக் கூடாது என்று அது கட்டாயம் சொல்வதாகக் கொள்ள வேண்டியதில்லை என்றது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. "உங்களுக்கு மரபு வேண்டுமா, உரிமை வேண்டுமா" என்று பெண்களிடம் மட்டும் எப்போதும் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியே தப்பு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது போலிருந்தது. அந்தச் சகோதரிகளும் மரபுக்குள் வாழ்கிறவர்கள்தான். மரபு என்ன சொல்கிறது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

உன் அண்ணன் நல்லவர், எனக்குத் தெரியும். சின்ன வயதில் நம்மை சைக்கிளில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட்டவர். ஆனாலும் அப்பா வீட்டில் உனக்குச் சமபங்கு உண்டு என்பது சட்டம். விட்டுக்கொடுப்பதென்றால் மனசார, எல்லாம் தெரிந்து விட்டுக்கொடு. "பொம்பளைப் பிள்ளை கேட்டால் நன்றாகவா இருக்கும்" என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

காலம் வரவில்லை என்ற அதே பேச்சு இங்கே இன்னொரு வழக்கிலும் வந்தது. ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு இந்த மண்ணில் முளைத்ததில்லை. நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை எழுதிய அதே வெள்ளைக்கார ஆட்சி விட்டுச் சென்றது, ஏழு ஆண்டு வரை சிறை. 1998-இல் அதைத் திருத்தினார்கள். எப்படித் தெரியுமா? ஆண் என்று இருந்த இடத்தில் யாரானாலும் என்று போட்டு, பெண்களையும் குற்ற வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். சமத்துவத்தின் பேரால் பெண்ணுக்குக் கிடைத்தது சிறைக்கதவு. 2003-இல் ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இதை நீக்க இன்னும் காலம் வரவில்லை என்றது. லெகபிபோ என்ற தன்பாலின ஈர்ப்பாளர் உரிமை அமைப்பு பதிவு பெறுவதற்கே 2016 வரை நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2019 ஜூன் 11 அன்று நீதிபதி மைக்கேல் லெபுரு தலைமையிலான அமர்வு அந்தப் பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. 2018-இல் நம் உச்ச நீதிமன்றம் 377 பற்றிச் சொன்னதையும் அதில் எடுத்துப் பேசினார்கள். 2021 நவம்பரில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது.

இந்த வழக்குகளைத் தனித்தனியாகப் பேசுவதுதான் இங்கும் வழக்கம். வீட்டுப் பங்கு கேட்ட பாட்டியை ஊர் மதிக்கும், பெண்ணைக் காதலிக்கும் பெண்ணின் பேரைக் கேட்டால் முகம் சுளிக்கும். எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாரோடு வாழ்வது, பிள்ளை யாருடைய நாட்டைச் சேர்ந்தது, எந்தக் கூரையின் கீழ் சாவது என்பதையெல்லாம் அவளைக் கேட்காமல் தீர்மானிப்பதுதான் எல்லா வழக்கிலும் இருக்கிறது.

ஊர்மன்றத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். கோட்லா என்பார்கள். நெட்டுக்குத்தாக நட்ட மரக்கட்டைகள் அரைவட்டமாகச் சூழ்ந்திருக்கும். தோல்வார் பின்னிய குட்டை நாற்காலிகளில் பெரியவர்கள். நான் சுடிதாரில் போனேன். கால்சட்டை போட்ட பெண் உள்ளே வரக்கூடாது என்பது முறை. என்னை அழைத்துப்போன அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார், தலைக்கும் ஒன்று கட்டிவிட்டார். அவரே உள்ளே போனதும் எழுந்து நின்று, தண்ணீர்க் குழாய் விவகாரத்தில் தலைவரை நேருக்கு நேர் ஒரு பிடி பிடித்தார். துணியும் சரி, அந்தப் பேச்சும் சரி, இரண்டும் அவருக்கு இயல்பாக வந்தன. அதே மாதிரி மன்றம் ஒன்றில், ரமொட்ஸ்வாவில், 2003-இல் மொசாடி செபோக்கோ பலேட்டே மக்களின் தலைவியாக முறைப்படி பொறுப்பேற்றார். இந்த நாட்டில் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல். தம்பி இறந்த பின் "நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான்" என்ற நியாயத்தில் உரிமை கேட்டுப் பெற்றவர் அவர்.

நல்ல செய்தியாகவே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நாடாளுமன்றத்துக்குத் தேர்தலில் வென்று வரும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனைவியைக் கணவன் வன்புணர்வதைக் குற்றமாக்கும் தெளிவான சட்டம் இங்கேயும் இல்லை, நம் நாட்டிலும் இல்லை. 2023 ஜூலையில், தன்பாலின உறவுபற்றிய தீர்ப்பைச் சட்டத்தில் ஏற்றப் போகிறார்கள் என்றதும் தேவாலயங்கள் திரண்டு ஊர்வலம் போயின. ஊர்வலத்துக்குப் போனவர்களும் அதை எதிர்த்தவர்களும் எங்கள் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வாரம் தேநீர் நேரத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. அப்புறம் பேசினார்கள், சண்டையோடுதான். பக்கத்து மேசைக்காரி மட்டும் "நீங்கள் எல்லாரும் வோட்டுப் போட்டுத்தான் நான் யாரோடு இருக்கலாம் என்று தெரிய வேண்டுமா?" என்று கேட்டாள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சின்னவள் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். டவ் வழக்கு, ம்முசி வழக்கு இரண்டின் தீர்ப்பையும் அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். முதலில் ம்முசியைப் படிக்கச் சொல், எளிய நடைதான். டிசம்பரில் ஊருக்கு வரப் பார்க்கிறேன், விமானச் சீட்டு விலையைப் பொறுத்து. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி