ஒரு டவர் போதும் ஐயா: கொல்லிமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மலைச் சுற்றுலாவையும் தொழில் வளர்ச்சியையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆடிப் பதினெட்டை ஒட்டி செம்மேட்டில் நடந்த வல்வில் ஓரி விழாவுக்கு வந்திருந்தபோது உங்கள் துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தது. கொல்லிமலைக்கு வாருங்கள், தங்குங்கள், தொழில் தொடங்குங்கள் என்று அழைத்திருந்தீர்கள். நல்ல காரியம். குளிர்ந்த காற்று, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு, பலா, அன்னாசி, சாமை என்று நீங்கள் எழுதியதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. விண்ணப்பத்தை இணையத்தில் மட்டுமே போட வேண்டும் என்ற கடைசி வரிக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்துக் குடும்பம் ஒன்று என் கடையில் அரைக் கிலோ மிளகும் ஒரு பாட்டில் தேனும் எடுத்தது. கையில் காசில்லை, ஜிபேதான். அந்த அண்ணன் க்யூஆர் அட்டைக்கு நேரே போனைப் பிடித்தார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஊருக்கு மேலே இருக்கும் பாறையைக் காட்டினேன். அங்கே நின்றால்தான் சிக்னல் எடுக்கும். ஓடிபி பாறை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். அன்றைக்கு மழை, பாசி வழுக்கல். அவருக்கோ இருட்டுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்க வேண்டும். "காரவள்ளி போனதும் அனுப்பிடறேன் தம்பி" என்றார். அனுப்பினாரா என்று பார்க்கவும் நான் அந்தப் பாறைக்குத்தான் ஏற வேண்டும். ஏறினேன். அனுப்பியிருந்தார், நல்ல மனுஷர். எல்லாரும் அப்படி இல்லை.

எங்களுக்கு ஒரு டவர் வேண்டும். மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. நடவடிக்கை எடுத்ததும் போனுக்கு எஸ்எம்எஸ் வரும் என்றார்கள். வந்திருக்கலாம்.

வெளியூர்க்காரரைத் தொழிலுக்குக் கூப்பிடுகிறீர்கள். இங்கேயே பிறந்த பையன்கள் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாம். வருஷா வருஷம் அவருக்கு விழா எடுக்கும் உங்களால் ஒரு மேட்டைத் தாண்டி சிக்னலை அனுப்ப முடியவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஒரு டவர். இடம் பார்க்க வருவதானால் தயவுசெய்து முன்கூட்டிப் போன் செய்ய வேண்டாம், கிடைக்காது. நேரே வாருங்கள். பாறைக்கு நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
மிளகுக் கடைக்காரன், கொல்லிமலை