தோற்றதைவிடத் தோற்ற விதமே வருத்துகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் ஆதரிக்கும் கால்பந்து அணி மீண்டும் தோற்றுவிட்டது. முற்பாதியில் முன்னிலை பெற்றிருந்தும், இடைவேளைக்குப் பின் பந்தைத் தன்வசம் வைத்துக்கொள்ளாமல், கோல் கம்பத்தின் முன்னே கூட்டமாகப் பின்வாங்கி நின்று, கார்னர் கிக்குகளை வரிசையாக விட்டுக்கொடுத்தது. 5 மாற்று வீரர்களை இறக்க விதி இடமளித்தும், நடுக்கள வீரர்கள் களைத்து நடக்கத் தொடங்கிய பிறகும், பயிற்சியாளர் 80ஆவது நிமிடம் வரை கைகட்டி நின்றார். (நடுவரைக் குறை சொல்வோர் பலர், நான் அவர்களில் ஒருவன் அல்லன்.) வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்ற லீக் முறையில் கைக்கு வந்த ஆட்டங்களை இப்படி நழுவவிட்டால், கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுவதைத் தவிர்க்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் எங்கள் பக்கம் திரும்பியும் பாராமல் ஓய்வறைக்குச் சென்றது தோல்வியைக் காட்டிலும் கசந்தது.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்