பெயர்ப்பலகைக்கும் வாங்காத அனுமதிக்கும் நான் கட்டிய ரூ.55,500: புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
விளம்பரப் பலகை தயாரிப்பு நிறுவனம்,
அம்பத்தூர் தொழிற்பேட்டை, சென்னை.

ஐயா,

வணக்கம். மந்தைவெளியில் தையல் கடை வைத்திருப்பவள் எழுதுகிறேன். ஜூன் 11ஆம் தேதி பில், எட்டுக்கு நாலு, இரண்டு பக்கமும் எரியும் எல்இடி போர்டு. எந்த போர்டு என்று உங்களுக்குத் தெரியும். பதினொரு தடவை போனில் பில் நம்பரைச் சொல்லியாகிவிட்டது, வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்பியாகிவிட்டது. இரண்டு தடவை நேரில் வந்தும் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாததால்தான் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் 19 காலை பத்தரை மணிக்கு மாநகராட்சி லாரி என் கடை வாசலில் வந்து நின்றது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுத்துக் கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா, மாமியார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கேஸ் கட்டரால் பிரேமை அறுத்து போர்டை இறக்கினார்கள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. நான் ஏதோ திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றேன். அந்தக் குடும்பம் "அப்புறம் வர்றோம்மா" என்று எழுந்து போனது, இன்றுவரை வரவில்லை.

வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அனுமதி எண் எங்கம்மா?" என்று கேட்டார். உங்கள் பில்லைக் காட்டினேன். அதில் "மாநகராட்சி அனுமதி ஏற்பாடு, ரூ.9,000" என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மண்டல அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அங்கே போனால், என் கடை பேரிலோ உங்கள் கம்பெனி பேரிலோ ஒரு மனுகூட வரவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் ஒன்றரை மாதமாக உங்கள் ஆள் "பைல் மூவ் ஆகிட்டிருக்கு மேடம்" என்று சொன்னது எந்த பைலை?

ஆறாயிரம் தள்ளுபடி தருகிறோம் என்று சொல்லி போர்டில் பாதிக்கு நூல் கம்பெனி விளம்பரத்தைப் போட்டதும் நீங்கள்தான். கடைப் பேர் மட்டும் இருந்தால் அது பெயர்ப்பலகை, அடுத்தவன் சரக்கைப் போட்டால் விளம்பரப் பலகை, அதுவும் நடைபாதை மேல் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம் என்றார் அந்த அதிகாரி. எனக்கு ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டத் தெரியும், இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஊர் முழுக்க போர்டு மாட்டுகிற உங்களுக்குத் தெரியாதா? 2023இல் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாமல் விளம்பரப் பலகை வைத்தால் மூன்று வருஷம் வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம். வைத்த கம்பெனியோடு கட்டட உரிமையாளரும் சேர்ந்து மாட்டுவார். என் வீட்டுக்காரர், அதாவது கடைக்கு இடம் கொடுத்தவர், இதைக் கேட்டதிலிருந்து கடையைக் காலி செய்யச் சொல்கிறார். இருபத்திரண்டு வருஷக் கடை ஐயா.

லாரியில் ஏற்றும் முன் அதிகாரி என் இன்ச் டேப்பைத்தான் வாங்கி எழுத்துகளை அளந்தார். தமிழ் ஐந்து இன்ச், இங்கிலீஷ் பதினான்கு இன்ச். கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது 1948ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15ஆவது விதி. தமிழ், இங்கிலீஷ், பிற மொழி என்றால் 5:3:2 கணக்கு. "தொழிலாளர் துறை பார்த்திருந்தா அதுக்குத் தனியா அபராதம்மா" என்றார். தமிழைப் பெரிதாகப் போடுங்கள் என்று நான் கேட்டதற்கு, இங்கிலீஷ்தான் லுக்காக இருக்கும் என்று சொன்னது உங்கள் டிசைனர்.

இதையெல்லாம் கேட்கப் போன் செய்த அன்று உங்கள் சர்வீஸ் ஆள் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏம்மா, போர்டு மாட்டினதோட எங்க வேலை முடிஞ்சுது. கார்ப்பரேஷன்காரன் தூக்கிட்டுப் போனா அவன்கிட்ட போய் அழு." எனக்கு ஐம்பத்திரண்டு வயது. குரலைக் கேட்டால் அவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. காசு வாங்கும்வரை மேடம், வாங்கியபின் "அழு". அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கொட்டுகிற மழையில் இரண்டு பஸ் மாறி அம்பத்தூருக்கு வந்தேன். பதினோரு மணியிலிருந்து வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "சார் மீட்டிங்ல இருக்கார்" என்றார்கள். நாலரை மணிக்கு வெளியே வந்த ஒரு பெண், சார் சனிக்கிழமையில் வரவே மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியானால் காலையிலிருந்து மீட்டிங்கில் இருந்தது யார்? அன்று கொடுக்க வேண்டிய மூன்று ஜாக்கெட்டும் போச்சு.

இன்னொன்று சொல்ல வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. போர்டைக் கழற்றியபோது நாலு போல்ட்டில் ஒன்று கட்டரே படாமல் கையோடு வந்தது. செங்கலுக்குள் போகவேயில்லை, பூச்சு மண்ணில் இரண்டு இன்ச் நின்றிருக்கிறது. அந்த போல்ட் இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது, நுனியில் சுண்ணாம்பு ஒட்டியபடி. தினமும் நாலு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த போர்டுக்கு அடியில்தான் நடந்து போகிறார்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன பெண் லாரியில் சிக்கிச் செத்தாள். 2023இல் கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகைச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளிகள் போனார்கள். அடுத்த வருஷம் மும்பை காட்கோபரில் பதினேழு பேர். அந்தப் பாவத்தில் என் கடைப் பேரையும் சேர்க்கப் பார்த்தீர்களே. இறக்கிக் கொண்டுபோன மாநகராட்சிக்காரர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தயவுசெய்து போர்டுக்கான 46,500, அனுமதிக்கென்று வாங்கிய 9,000, ஆக 55,500 ரூபாயையும் பதினைந்து நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். ஆவணி சீசனே போனதில் எனக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் நஷ்டம், அதற்கு ஒரு லட்சமாவது ஈடு தர வேண்டும். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை, உங்களிடமும் வேலைக்காரர்கள் பிழைக்கிறார்கள். ஆனால் பதினைந்து நாள் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வியாபாரத்துக்கு வாங்கியது என்று நீங்கள் தப்பிக்கவும் முடியாது, சொந்தக் கையால் தைத்துப் பிழைக்கிறவளுக்கு 2019 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அனுமதி என்று பணம் வாங்கிய பில்லோடு போலீஸிலும் புகார் கொடுப்பேன். "அழு" என்று சொன்ன அந்தத் தம்பி எனக்குப் போன் செய்து மன்னிப்பும் கேட்க வேண்டும். பணம் வந்தாலும் இதை நான் விடமாட்டேன்.

இப்போதைக்கு ஒரு ஆளையாவது உடனே அனுப்புங்கள். சுவரில் நீங்கள் போட்ட நாலு ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஓவர்லாக் மெஷின் மேல் சொட்டுகிறது. பக்கெட் வைத்துத்தான் தைத்துக் கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் கடை உரிமையாளர்,
மந்தைவெளி, சென்னை.

இணைப்பு: பில் நகல், போல்ட்டின் போட்டோ.